கார்மென் கொழும்புக்கு வந்த வருடம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து, தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பெற்றார் கூட்டம் வைத்தால் எனக்கு வரும் முறைப்பாடுகளில் முதலாவது இதுதான்: "சேர், பிள்ளை எந்த நேரமும் போன்ல கேம். கொப்பியத் தொடுறதே இல்ல." பிள்ளையின் அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போய் வந்தவர். கவலை நியாயமானது. நான் கேமுக்காக வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கேம் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிவிடுகிறோம். ஒரு காலத்தில் ஒரு கேம், பிள்ளைகளைப் புத்தகத்தைப் புரட்ட வைத்தது. உலகப் படத்தைச் சுவரில் ஒட்ட வைத்தது. அந்தக் கேமுக்குள் நம் கொழும்பும் இருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். அது நம் தோட்டங்களுக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்கிறேன்.

1985ஆம் ஆண்டு. அமெரிக்காவில் புரோடர்பண்ட் என்ற கம்பனி "கார்மென் சான்டியேகோ உலகத்தில் எங்கே இருக்கிறாள்?" என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. ஆப்பிள் 2 என்ற அக்காலத்துக் கணினிக்காகச் செய்தது. டிஸ்னியில் வேலை செய்த ஓவியர் ஜீன் போர்ட்வுட், லாரன் எலியட், கதையை எழுதிய டேவிட் சீஃப்கின், நிரல் எழுதிய டேன் பிகாம் என்று சிலர் சேர்ந்து உருவாக்கினார்கள். கதை எளிது. கார்மென் என்பவள் ஒரு திருட்டுக் கும்பலின் தலைவி. கும்பலில் ஒருவர் எங்கோ ஒரு நாட்டின் அரிய பொருளைத் திருடிக்கொண்டு ஓடுகிறார். விளையாடும் பிள்ளைதான் துப்பறிபவர். திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும். ஞாயிறு மாலை 5 மணிக்குள் ஆளைப் பிடிக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? துப்பாக்கி இல்லை, கார் ஓட்டம் இல்லை. திருடன் கடைசியாக இருந்த ஊரில் மூன்று இடங்களில் விசாரிக்கலாம். ஆள் பணத்தை எந்த நாணயமாக மாற்றினார், ஏறிப்போன வாகனத்தில் என்ன நிறக் கொடி பறந்தது, நூலகத்தில் எதைப் பற்றிப் புத்தகம் கேட்டார் என்று சாட்சிகள் சொல்வார்கள். அதை வைத்து அடுத்த ஊர் எது என்று கண்டுபிடித்து விமானம் ஏற வேண்டும். தவறான ஊருக்குப் போனால் மணித்தியாலங்கள் வீணாகும். அதோடு, திருடனின் முடி நிறம், பொழுதுபோக்கு போன்ற அடையாளங்களைச் சேர்த்து முன்கூட்டியே பிடியாணை எடுக்க வேண்டும். பிடியாணை இல்லாமல் ஆளைக் கண்டுபிடித்தாலும் அவன் தப்பிவிடுவான். (இதைக் கேட்டுத் தரம் 8இல் ஒருவன், "அப்ப சேர், நம்ம பொலிஸ் மாதிரிதானா?" என்றான். பதில் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்தேன்.)

இந்தக் கேமில் எனக்குப் பிடித்த விஷயம் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்தால் கணினித் தட்டோடு ஒரு தடித்த புத்தகமும் இருக்கும். அந்த வருடத்து உலகத் தகவல் ஏடு, "வேர்ல்ட் அல்மனாக்". நாடுகளின் கொடி, நாணயம், மொழி, தலைநகர் எல்லாம் அதில் உண்டு. கேம் கேள்வியை மட்டும் கேட்கும். விடை கணினிக்குள் கிடையாது, புத்தகத்துக்குள் தேட வேண்டும். திரையில் பாதிக் கண், மடியில் உள்ள புத்தகத்தில் பாதிக் கண். இப்படித்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ருவாண்டாவின் தலைநகர் கிகாலி என்றும், மாலியின் தலைநகர் பமாக்கோ என்றும் படித்தார்கள். யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. திருடன் தப்பிவிடுவானே என்ற அவசரம் படிக்க வைத்தது.

முதல் பதிப்பில் 30 நகரங்கள். லண்டன், பாரிஸ், நியூயோர்க், டோக்கியோ எதிர்பார்த்ததுதான். பக்தாத், கெய்ரோ, இஸ்தான்புல் உண்டு. கொமொரோஸ் தீவுகளின் தலைநகர் மொரோனியும் உண்டு. எங்கள் ஆசிரியர் அறையில் இதைக் கேட்டபோது புவியியல் சேரைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. தெற்காசியாவிலிருந்து மூன்று நகரங்கள்: புது டில்லி, காத்மண்டு, கொழும்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த மூன்று ஊரிலும் பணத்துக்குப் பெயர் ரூபாய். ஆள் ரூபாய் மாற்றினார் என்று மட்டும் தெரிந்தால் போதாது, கொடியையும் பார்க்க வேண்டும், வேறு துப்பையும் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு துப்பை நம்பி விமானம் ஏறினால் ஏமாற்றம்தான்.

ஆக 1985இல் அமெரிக்காவில் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, கொழும்பு எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் விரல் வைத்துத் தேடியது. அதே வருடம் நம் பக்கம் எப்படி இருந்தது?

நம்மில் மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1977, 1981, 1983 என்று மூன்று தடவை அடி விழுந்த பிறகு, சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தன. இன்னும் எத்தனையோ பேர் கையில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு லயத்திலேயே இருந்தார்கள். ஏனென்றால் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பல் 1984இல் நின்றுவிட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தபோது 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்தப் "பிறகு" முடிவதற்குள் கப்பலே நின்றுபோனது. கார்மெனின் கூட்டாளிக்குக் கொழும்பிலிருந்து எந்த ஊருக்கும் விமானம் உண்டு. நம் ஆட்களுக்குப் போகவும் வழியில்லை, இருக்கவும் உரிமையில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்த இழுபறி முழுதாகத் தீரவில்லை.

"எங்கே?" என்ற கேள்வி அந்த அமெரிக்கப் பிள்ளைக்கு விளையாட்டு. நம் பாட்டன்மாருக்கு அதே கேள்வி 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமாக வந்தது. உன் தகப்பன் எங்கே பிறந்தான்? அவனுடைய தகப்பன் எங்கே பிறந்தான்? பத்திரம் எங்கே? பதில் தெரிந்தவர்களிடம் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவர்களுக்கு நாடு இல்லை. புவியியலைச் சின்னப் பாடமாக நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்: நம் சனத்தின் தலைவிதியை ஒரு முறை நிர்ணயித்தது இடத்தைப் பற்றிய கேள்விதான்.

கார்மெனுக்கு முன்னால் என்ன இருந்தது என்று கொஞ்சம் பின்னுக்குப் போவோம். இங்கேதான் ஆசிரியர்கள் வருகிறார்கள்.

1960களின் நடுப்பகுதியில், நியூயோர்க் மாநிலத்தில் மேபல் அடிஸ் என்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை, ஐபிஎம் கம்பனியின் பெரிய கணினியில் பிள்ளைகள் விளையாட ஒரு பாடத்தை எழுதினார். "சுமேரிய விளையாட்டு" என்று பெயர். இன்றைய ஈராக்கின் தெற்கில் இருந்த லகாஷ் என்ற பழைய நகரத்தின் ஆட்சியாளராக மாணவர் இருப்பார். விளைந்த தானியத்தில் எவ்வளவு சாப்பிட, எவ்வளவு விதைக்க, எவ்வளவு சேமிக்க என்று முடிவெடுக்க வேண்டும். கணினி விளையாட்டுக்குக் கதை எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பொறியியலாளர் அல்ல, நான்காம் வகுப்பு டீச்சர்.

அடுத்தவர் இன்னும் சுவாரசியம். 1971 டிசம்பர். மினியாபோலிஸ் நகரில் டொன் ராவிட்ஸ் என்ற இளைஞர் பயிற்சி ஆசிரியராக இருந்தார். நம் கல்வியியற் கல்லூரியிலிருந்து கட்டுறுப் பயிலுக்கு வரும் ஆசிரியர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கு வரலாறு. மேற்கு நோக்கி மாட்டு வண்டியில் போன குடியேறிகளின் பாடத்தை நடத்த வேண்டும். அட்டையில் படம் வரைந்து பகடை உருட்டி விளையாடலாம் என்று நினைத்தவரை, அவரோடு தங்கியிருந்த கணித ஆசிரியர்கள் இருவர், பில் ஹைன்மன், போல் டிலன்பெர்கர், "இதைக் கணினியில் செய்யலாமே" என்றார்கள். இரண்டு வாரத்தில் எழுதி முடித்தார்கள். அதுதான் "ஒரிகன் டிரெயில்".

அதற்குத் திரையே கிடையாது. தட்டச்சு யந்திரம் போன்ற ஒன்றில் தட்டினால், தொலைபேசிக் கம்பி வழியாகத் தூரத்துக் கணினிக்குப் போய், பதில் காகிதத்தில் அச்சாகி வரும். கையில் 700 டொலர். எருதுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். 1847இல் புறப்பட்டு ஏறத்தாழ 2,000 மைல். வழியில் மழை, நோய், கொள்ளைக்காரர். வேட்டையாட வேண்டுமென்றால் "பேங்" என்ற சொல்லை வேகமாகத் தட்ட வேண்டும். பிள்ளைகள் அந்த ஒற்றை யந்திரத்தின் முன் வரிசையில் நின்றார்களாம். பருவம் முடிந்ததும் ராவிட்ஸ் நிரலைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு, அச்சடித்த தாளை மட்டும் வைத்துக்கொண்டார். 1974இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் தாளைப் பார்த்துத் திரும்பத் தட்டினார். அதன் பிறகு அது அமெரிக்கப் பாடசாலைகள் முழுக்கப் பரவியது.

தன் பாட்டனார் நடந்த பாதையைப் பேரப்பிள்ளைகள் விளையாடிப் படித்தார்கள். எந்த ஆற்றைக் கடக்கும்போது வண்டி கவிழும், எந்த மலையில் பனி பெய்யும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது நம் பாதைதான். ஒரிகன் வண்டிகள் போன அதே 1840களில்தான், கோப்பித் தோட்டங்களுக்காக நம் சனம் கடல் தாண்டியது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கரைக்கு நடை. தோணியில் மன்னார்ப் பக்கம். அங்கிருந்து காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் கால்நடை. மாட்டு வண்டி கூட இல்லை. வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கணக்கு வைத்தவர் யார்?

பிற்காலத்தில் பாதை மாறியது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். பிறகு மண்டபம் முகாம். 1914இல் தலைமன்னார் வரை ரயில். நம் சப்ரகமுவவில் இறப்பர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதனால் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் இந்த இரண்டாவது பாதைக்காரர்கள். 1901இலிருந்து அவர்களுக்கு ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண் அதில் பொறித்திருக்கும். ஆளுக்கு எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஊர் பேர் தெரிய வேண்டியதில்லை, துண்டைக் காட்டினால் பொதி போலச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பார்கள். நம் சனத்தின் முதல் முகவரி ஒரு தகரத்தில் அடித்த எண்.

அமெரிக்கக் கேமைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரிகன் பாதையில் குடியேறிகள் போனது வெறும் நிலத்தில் அல்ல. அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள். பல பத்தாண்டுகளாக அந்தக் கேமில் வண்டிக்காரனின் கண்தான் இருந்தது, அந்த மண்ணின் மக்களின் கண் இல்லை. 2021இல் வந்த புதிய பதிப்பில்தான் பழங்குடி வரலாற்றாசிரியர்களைக் கலந்து ஆலோசித்துத் திருத்தினார்கள். ஐம்பது வருடம். படம் வரைபவன் யாரோ அவனுடைய கண்தான் படத்தில் இருக்கும். நம் தோட்டங்களின் பழைய படங்களில் தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா, நீரோடை எல்லாம் துல்லியமாக இருக்கும். லயங்கள் ஒரு சின்னக் கோடு.

அமெரிக்காவில் அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988இல் நேஷனல் ஜியோகிரபிக் சங்கம் ஒரு கணக்கெடுப்பு செய்தது. அமெரிக்கர்களில் நால்வரில் ஒருவருக்கு சோவியத் யூனியனையோ பசிபிக் சமுத்திரத்தையோ படத்தில் காட்டத் தெரியவில்லை என்று வந்தது. பெரிய வெட்கமாகிவிட்டது. அதன் விளைவாக 1991இல் அவர்களுடைய பொதுத் தொலைக்காட்சி, கார்மெனை வைத்து ஒரு வினாவிடை நிகழ்ச்சி தொடங்கியது. அதன் கடைசிச் சுற்றை எல்லா ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். தரை முழுக்க ஒரு கண்டத்தின் பெரிய படம் விரித்திருக்கும். நாட்டின் பெயரைச் சொல்லச் சொல்லப் பிள்ளை அந்தப் படத்தின் மேல் ஓடி, சரியான இடத்தில் கம்பத்தை நட வேண்டும். 45 விநாடி. அதற்குக் கணினியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். சுண்ணாம்பும் ஒரு முற்றமும் போதும். நம்மிடம் இரண்டும் இருக்கின்றன.

1997இல் சுவீடனில் மரியான் வார்டொஃப்ட் என்ற பெண், செடெரா என்ற வரைபட விளையாட்டைச் செய்தார். நாட்டின் பெயரைச் சொல்லும், இடத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். 2013இல் இன்னொரு சுவீடன்காரர், அன்டன் வாலேன், ஜியோகெஸ்ஸரைக் கொண்டுவந்தார். உலகத்தின் ஏதோ ஒரு தெருவில் நம்மை இறக்கிவிடும். மரம், பெயர்ப்பலகை, மண்ணின் நிறம் பார்த்து எந்த நாடு என்று சொல்ல வேண்டும். பின்னாளில் செடெராவும் அதோடு சேர்ந்துகொண்டது. (சுவீடன் என்றதும் நம் மூத்த ஆசிரியர்களுக்கு வேறொன்று நினைவு வரும். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகு, கூரை ஒழுகும் ஒற்றை மண்டபங்களாகக் கிடந்த பலவற்றுக்கு 1980களின் பிற்பகுதியில் கட்டிடமும் பயிற்சியும் வர உதவியது சுவீடனின் சீடா நிறுவனம். அந்த நாட்டுக்கும் நம் பிள்ளைகளின் புவியியலுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.) 2019இல் கார்மெனே திரும்பி வந்தாள். கூகுள் எர்த்துக்குள், இலவசமாக, முடிசூட்டு நகைகளைத் திருடிக்கொண்டு.

ஜியோகெஸ்ஸர் கூகுளின் தெருப் படங்களை வைத்து ஓடுவது. இலங்கைக்கு அந்தத் தெருப் படம் 2016இல் வந்தது. இரத்தினபுரி நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம், கேகாலை மணிக்கூட்டுச் சந்தியைப் பார்க்கலாம். நம் தோட்டத்து வாசல் வரை போகும் பாதையில் திரும்பினால் அம்புக்குறி நின்றுவிடும். கமெரா பூட்டிய கார் அதற்கு மேல் ஏறவில்லை. பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அப்ப நம்மள யாரும் கெஸ் பண்ண மாட்டாங்களா?"

சிரிப்புக்குரிய கேள்வி அல்ல. 2016 மே 17ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில்தான் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் மூழ்கியது. இப்போது மழை கடுமையானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை போனுக்கு வருகிறது. அதில் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் இருக்கும்: யட்டியாந்தோட்டை, தெரணியகலை, எகலியகொடை, குருவிட்ட. லயத்தில் அதை வாசிப்பது யார்? தாத்தாவும் அப்பாயியும் அல்ல, தரம் 7 பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு, தான் இருப்பது எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று தெரிந்திருக்க வேண்டும். பஸ் போகும் டவுன் ஒன்று, பாடசாலை இருக்கும் பிரிவு ஒன்று, வீடு இருக்கும் பிரிவு இன்னொன்று என்று நம் பக்கத்தில் எத்தனையோ தோட்டங்கள். கடிதம் இன்னும் தோட்டத்து ஒபீசுக்குத்தானே வருகிறது? வீட்டுக்கு இலக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? முகவரி இல்லாத பிள்ளை எச்சரிக்கையில் தன் ஊரை எப்படித் தேடும்?

இந்த யோசனையில்தான் இந்த வருடம் தரம் 8இல் கார்மெனைக் கொண்டுவந்தேன். கணினி இல்லாமல். கணினி அறையில் ஓடுகிறவை நான்கு, பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அதனால் துப்புகளை அட்டையில் எழுதினேன். திருடி உலகம் சுற்றவில்லை, சப்ரகமுவவைச் சுற்றுகிறாள். பிள்ளைகள் வாயில் கார்மென் இரண்டாவது நாளே "காமணி அக்கா" ஆகிவிட்டாள்.

"காமணி அக்கா இல்லம் கழுவும் இடத்தை விசாரித்தாள்." பாதிப் பேர் வீடு கழுவுவது என்று நினைத்தார்கள். மாணிக்கக் குழியில் வேலை செய்யும் அண்ணன் ஒருவனுக்கு இருந்ததால் விஷயம் வெளியே வந்தது. கல் இருக்கும் மண்படைக்கு இல்லம் என்று பெயர், ஆகவே இரத்தினபுரி. "அரச இலை போல விழும் நீரைப் படம் எடுத்தாள்." குருவிட்டப் பக்கம் போபத் எல்ல. "ஒரு பழைய சினிமாவுக்காகப் பாலம் கட்டி உடைத்த ஆற்றங்கரையில் சாப்பிட்டாள்." கித்துல்கல. "யானைக் குட்டி புட்டிப்பால் குடிப்பதைப் பார்த்தாள்." இது எல்லோருக்கும் தெரியும், பின்னவல. "ரயில் போன தடம் இருக்கிறது, ரயில் இல்லை, அங்கே இறங்கினாள்." இதற்குத்தான் வகுப்பு மூன்று நாள் எடுத்தது. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை சின்ன ரயில் ஓடியது இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஒரு தாத்தா சொல்லித்தான் விடை வந்தது.

அங்கேதான் எனக்கு அந்தத் தடித்த புத்தகம் ஞாபகம் வந்தது. அமெரிக்கப் பிள்ளைக்குப் பெட்டிக்குள்ளேயே ஏடு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று அச்சில் இல்லை. ஆனால் இறப்பர் மலையில் நாற்பது வருடம் கத்தி பிடித்தவர்கள் இருக்கிறார்கள். "பன்னெண்டாம் நம்பர் மலை எங்க இருக்கு" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். மழை பெய்தால் எந்தக் கானில் முதலில் தண்ணீர் கலங்கும், எந்தச் சரிவில் முன்பு ஒரு தடவை மண் இறங்கியது, மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்கு எந்தக் குறுக்குப் பாதை என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அளவைத் திணைக்களத்தின் படத்தில் அது கிடையாது.

ஆகவே இரண்டாம் தவணையில் விளையாட்டைக் கொஞ்சம் மாற்றினோம். காமணி அக்கா இப்போது ஒரே தோட்டத்துக்குள் ஓடுகிறாள். துப்பை எழுதுவது நான் அல்ல, பிள்ளைகள். ஒரு டிவிசன் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பற்றித் துப்பு எழுத வேண்டும், மற்ற டிவிசன் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். துப்பு உண்மையாக இருக்க வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். விடையை முற்றத்தில் சுண்ணாம்பால் போட்ட படத்தில் ஓடிப்போய் நின்று காட்ட வேண்டும். களனி கங்கையையும் களு கங்கையையும் நீலச் சோக்கால் இழுத்தோம். இரண்டும் பாவா ஆதம் மலைப் பக்கத்திலிருந்து இறங்குகின்றன என்பதைப் பார்த்ததும் ஒருவன், "இப்னு பதூதா ஏறின மலைதானே சேர்?" என்றான். ஆமாம், 1344இல். மொரோக்கோவிலிருந்து வந்து, நம் காட்டு அட்டைகளைப் பற்றியும் குறித்து வைத்துவிட்டுப் போனவர். கார்மெனைத் துரத்த அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

முற்றத்துப் படம் மழைக்கு அழிந்துவிடும். அதனால் பிள்ளைகள் பெரிய தாள்களை ஒட்டி ஒரு படத்தைத் தயார் செய்கிறார்கள். ஒரு பிரதியைத் திறந்த வரைபடத்திலும் ஏற்றப் போகிறோம். ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்று ஒன்று 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யாரும் தங்கள் ஊரை அதில் வரையலாம், ஓர் இடத்துக்கு மூன்று மொழியிலும் பெயர் போடலாம். தகவல் தொழில்நுட்ப சேர் கூடவே இருந்து செய்கிறார்.

படத்தில் இன்னும் வெற்றிடங்கள் இருக்கின்றன. நம் தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், லயத்தில் புழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. சில டிவிசன்களின் தமிழ்ப் பெயர் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அதோடு, தரம் 8 கேட்கும் ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மண்டபத்தில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்பு வழியாகச் சின்ன ரயிலில் இரத்தினபுரி ஸ்டேஷனுக்கு வந்தவர்கள், தகரத் துண்டோடு அங்கிருந்து எந்தப் பாதையால் மலைக்கு ஏறினார்கள்? எங்கே இரவு தங்கினார்கள்? உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டிய தாத்தா, அம்மாயி யாராவது இருந்தால் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். கீழே எழுதினாலும் சரி, குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. நடக்க முடிந்தவர்கள் வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு வந்தால், பிள்ளைகள் முற்றத்தில் சுண்ணாம்போடு நிற்பார்கள்.